பிரவுசருக்குள் சிதறால் மலை: மூன்று வருட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் சமண மலைக்குக் கல்பாவிய பாதையில் ஏறித்தான் போக வேண்டும். மூட்டு தேய்ந்த என் அம்மாவால் அது முடியாது. அவளுக்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் 360 டிகிரி படங்கள் எடுத்து, பிரவுசரில் ஓடும் காட்சிகளைச் செய்ய உதவும் ஏ-ஃபிரேம் என்ற நிரல்கருவியில் ஒரு மெய்நிகர் (விஆர்) உலா செய்தேன். இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

ஏ-ஃபிரேம் 2015-இல் மோசில்லாவின் விஆர் குழுவிலிருந்து வந்தது. இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் தெரிந்தவர் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆப் எதுவும் இறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொட்டால் மலை திறக்கும். மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டிலும், களியக்காவிளை தாண்டி கேரளத்துப் பாறசாலையில் பெரியம்மா வீட்டிலும் அதே லிங்க்தான். விஆர் கண்ணாடி இல்லாதவர்கள் போனைச் சுற்றித் திருப்பிப் பார்க்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

முதலில் நடந்துகொண்டே எடுத்த வீடியோவை வைத்திருந்தேன். அம்மாவுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்துவிட்டன. உடம்பு உட்கார்ந்திருக்க, கண் மட்டும் நடந்தால் அப்படித்தான். வீடியோவை எடுத்துவிட்டு ஆறு இடங்களில் நிற்கிற மாதிரி மாற்றினேன். ஒரு குறியை உற்றுப் பார்த்தால் அடுத்த இடம் திறக்கும். அதற்கு ஏ-ஃபிரேம் வைத்திருக்கும் நேரம் 1500 மில்லி விநாடி. அம்மா ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் தாவிவிடும். 3000 ஆக்கினேன். அப்புறம்தான் சொன்னாள்: "மக்ளே, இந்தப் பாறைக்குக் கீழ இருந்துதான் நாங்க சோறு தின்னோம்."

பெருமையோடு பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். ஆசிரியர், என்னைவிட மூத்தவர். "எனக்கு இதுல ஒண்ணுமே இல்லியே டே" என்றார். உண்மைதான். விஆர் காட்சி முழுவதும் கேன்வாஸ் என்ற ஒரே சித்திரப் பரப்பில் வரையப்படுகிறது. ஆண்ட்ராய்டு போனில் திரையைச் சத்தமாக வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானான டாக்பேக் வாசிக்க அதில் எழுத்தே கிடையாது. காட்சிக்குக் கீழே சாதாரண பட்டன்களும் விவரிப்பும் வைத்தேன். 'சமணச் சிற்பங்கள்' என்று எழுதியதை அவர் ஏற்கவில்லை. "யார் நிற்கிறார், தலைக்கு மேல் என்ன?" என்று கேட்டார். சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் நிற்கிறார், பாம்பு படம் விரித்திருக்கிறது என்று எழுதிய பிறகுதான் விட்டார். பெரியம்மா வீட்டாருக்கு மலையாளமும் சேர்த்தேன். எந்த வரி எந்த மொழி என்று நிரலில் குறிக்காவிட்டால் திரைவாசிப்பான் தடுமாறும்.

ஐபோனின் சஃபாரி பிரவுசரில், இணையப் பக்கத்தில் விஆர் காட்டும் வெப்எக்ஸ்ஆர் நுட்பத்தின் முழு விஆர் முறை இல்லை. போனைத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் அசைவு உணரிக்கு அனுமதி கேட்கிறது. பயந்துபோய் மறுத்துவிடுகிறார்கள். எதற்காகக் கேட்கிறது என்று முன்கூட்டியே தமிழில் ஒரு வரி போட்டேன். ஒலியும் பயனர் ஒருமுறை தொட்ட பிறகுதான் ஒலிக்கும். எனவே 'தொடங்கு' பட்டன் கட்டாயம்.

அந்த ஒலிதான் நண்பருக்கு மலை. காற்று இடப்பக்கம், குகையின் எதிரொலி வலப்பக்கம் என்று திசை பிரித்து வைத்திருக்கிறேன். பாறையில் மழை விழுகிற சத்தமும் வேண்டுமென்று கேட்டிருக்கிறார். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மைக்கோடு மேலே ஏறுவேன்.