கத்தோலிக்கப் பங்குகளை இணைப்பதா, ஒரே குருவிடம் விடுவதா?

இங்கிலாந்தில் நார்ஃபோக், சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் என விரியும் கிழக்கு ஆங்கிலியா மறைமாவட்டம் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் உள்ள பகுதி) 1976-இல் நார்தாம்ப்டன் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஊருக்கு ஊர் தூரம். இப்படிப்பட்ட இடத்தில் குருக்கள் குறைந்தால் வழி இரண்டு: பங்குகளை, அதாவது பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளை, ஒன்றாக இணைப்பது; அல்லது தனித்தனியாகவே வைத்து ஒரே குருவைப் பகிர்வது.

நிர்வாகம்: இணைத்தால் ஒரே நிதிக்குழு, ஒரே கணக்கு. பகிர்ந்தால் பங்குக்கொரு நிதிக்குழு. எல்லாக் கூட்டத்திலும் அதே பங்குத்தந்தைதான் உட்கார வேண்டும், பாவம்.

பணம்: இணைத்தால் சேமிப்போடு கடனும் புதுப் பங்குக்கு. பகிர்ந்தால் அவரவர் உண்டியல் அவரவருக்கு.

மாற்றம்: பகிர்வை விலக்க, இன்னொரு குருவை நியமித்தால் போதும். இணைக்கவோ பிரிக்கவோ ஆயர், தமக்கு ஆலோசனை சொல்லும் குருக்கள் மன்றத்தைக் கேட்டாக வேண்டும்.

நடந்தே போகும் தூரத்தில் இரு கோவில்கள் என்றால் இணைப்பு சரி. வயல் தாண்டி, ஞாயிறன்று பேருந்தும் அரிதான கிராமங்களுக்குப் பகிர்வுதான்.