மாதச் சம்பளமா, துண்டு துண்டான தனிப்பணியா?

இணையத் தளங்கள் வழியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலைக்கு வேலை கூலி பெறும் தனிப்பணியாக மொழிபெயர்த்துக் கொடுத்துவந்த நான், அதில் கிடைத்ததைவிடக் குறைந்த தொகைக்கு மாதச் சம்பள வேலையில் சேர்ந்திருக்கிறேன். எனவே என் சாய்வு வெளிப்படையானது.

நேரம் நம் கையில் இருக்கும், மேலதிகாரி கிடையாது, நல்ல மாதங்களில் வருமானமும் கூடும் என்ற தனிப்பணியின் நன்மைகள் எல்லோரும் அறிந்தவையே.

ஆனால் வேலை இல்லாத நேரத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே என் முடிவைத் தீர்மானித்தது. மாதச் சம்பளத்தில் மந்தமான வாரத்தின் இழப்பு நிறுவனத்துடையது. தனிப்பணியிலோ, கடல் கடந்த வாடிக்கையாளரின் அலுவலக நேரத்துக்காக நள்ளிரவில் விழித்திருப்பதும், கூலியில்லாமல் மாதிரிப் பக்கம் மொழிபெயர்த்து அனுப்புவதும், முடித்த வேலைக்குப் பணம் கேட்டு மீண்டும் மீண்டும் எழுதுவதும் எந்தக் கணக்கிலும் ஏறாத உழைப்பு. அந்த மணிகளையும் சேர்த்து வகுத்துப் பார்த்தால், சொல்லுக்கு இவ்வளவு என்று பேசிய கூலி வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது.

சட்டங்களும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. ஊபர் ஓட்டுநர்கள் தங்கள் உரிமப் பகுதிக்குள் செயலியைத் திறந்து, பயணங்களை ஏற்கத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் வாக்கெடுப்பில் ஏற்ற 22ஆம் முன்மொழிவு என்ற சட்டமோ, இத்தகைய செயலி ஓட்டுநர்களுக்குப் பயணத்தை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரையிலான நேரத்துக்கு மட்டுமே குறைந்தபட்ச வருவாயை உறுதிசெய்தது. நான் வாகனம் ஓட்டிப் பிழைத்தவன் அல்லன். எனினும் காத்திருப்பின் பாரம் எனக்குப் பழக்கமானது.

படித்தவர்கள், கணினி முன் அமர்பவர்கள் என்பதால் தனிப்பணியாளர்கள் தங்களை நடுத்தர வர்க்கம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டுக்கடன் விண்ணப்பம் சம்பளச் சீட்டைக் கேட்கும்போது அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. ஆண்டு வருமானம் அதிகமாக இருந்தும், அடுத்த மாத வரவை எழுத்தில் காட்ட முடியாதவருக்குக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. நிலையற்ற வேலையில் வாழ்வோர் தனி வர்க்கமாக உருவாகிவருகிறார்கள் என்று பொருளியலாளர் கை ஸ்டான்டிங் வாதிட்டதில் எனக்கு உண்மை தெரிவது இங்கேதான்.

ஆள் வழங்கும் முகமைகள் மூலம் மாதச் சம்பளத்துக்கு எடுக்கப்படும் குறுகிய கால ஒப்பந்தப் பணியில் நான் இருந்ததில்லை. ஆகவே மாதச் சம்பளமே மேல் என்ற என் பரிந்துரையை அந்தப் பணிக்கும் நீட்ட மாட்டேன். அத்தகைய வேலையில் சேர்பவர்கள் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, நோயுற்ற நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.