லாக்கோட 'டூ ட்ரீட்டைசஸ்' வாங்குறவங்க ரெண்டு பாகமும் இருக்கான்னு பாத்து வாங்குங்க

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து தத்துவ அறிஞர் ஜான் லாக், அரசாங்கத்தைப் பத்தி எழுதுன ரெண்டு பாக நூல்தான் 'டூ ட்ரீட்டைசஸ்'. அவரைப் படிக்கணும்னு கேட்டா ரெண்டாம் பாகம் மட்டும் தனியா போட்ட பதிப்பைத்தான் வாங்கச் சொல்றாங்க, முதல் பாகம் பழைய சண்டை, விட்டுருங்கன்னு. தயவுசெஞ்சு கேக்காதீங்க. நான் வாங்குனது பீட்டர் லாஸ்லெட் பதிப்பிச்ச கேம்பிரிட்ஜ் புக், ரெண்டும் முழுசா இருக்கு, என்னைக் கேட்டா குடுத்த காசுக்கு அந்த முதல் பாகம் ஒண்ணே போதும்.

ராபர்ட் ஃபில்மர்னு ஒருத்தர், 1653லயே செத்துட்டார், அவர் எழுதி வச்சதை 1680ல அச்சடிச்சாங்க, ராஜாவோட தம்பி, கத்தோலிக்கரான ஜேம்ஸுக்கு பட்டம் போகக்கூடாதுன்னு இங்கிலாந்துல பெரிய ரகளை நடந்துட்டிருந்த நேரம். ஆதாமுக்கு பிள்ளைங்க மேல இருந்த தகப்பன் அதிகாரம்தான் ராஜாவோட அதிகாரம், எதிர்த்துக் கேக்க யாருக்கும் உரிமை இல்லங்கறது அவர் வாதம். முதல் பாகத்துல லாக் அதை வரி வரியா பிரிச்சு மேயுறார். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக"ன்னுதானே பைபிள் கட்டளை, தாயை எங்கய்யா விட்டீங்கன்னு கேக்குறார் பாருங்க! எங்க மார்த்தாண்டம் பக்கம் ஞாயிறு பள்ளி போன எந்தப் பிள்ளையும் அந்த வசனத்தை முழுசா ஒப்பிக்கும்.

அடுத்து 11ஆம் அத்தியாயம், யார் வாரிசுங்கற கேள்வி. ஆதாமுக்கு மூத்த வாரிசு உலகத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும், அப்ப மத்த ராஜாக்கள் எல்லாம் யாரு? இதைப் படிக்கும்போது எனக்கு திருவிதாங்கூர்தான் ஞாபகம் வந்துச்சு. இங்க அப்ப பட்டம் மருமக்கள் வழி, ராஜாவோட மகனுக்குப் போகல, சகோதரி மகனுக்குத்தான் போச்சு, அதுக்காகவே மார்த்தாண்ட வர்மாவுக்கும் முந்தின ராஜாவோட மகன்களான தம்பிமாருக்கும் சண்டை நடந்துச்சு. பிறகு 1750ல அவர் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணிச்சு தாசனா ஆண்டார். இங்க ராஜாவும் கடவுள் பேரைச் சொல்லித்தான் ஆண்டார், ஆனா தகப்பன் வழி இல்ல. தகப்பன் அதிகாரம்தான் இயற்கைன்னு ஃபில்மர் சொல்றதை அந்த ராஜாக்களோட பத்மநாபபுரம் அரண்மனையில நின்னு யோசிங்க, ஒட்டவே ஒட்டாது.

குறைன்னா, பழைய இங்கிலீஷ், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார், அடிக்குறிப்பு எழுத்து ரொம்பப் பொடி. முதல் பாகம் வேற பாதியிலயே அறுந்து நிக்கும், மொத்தப் புக்கோட நடுவுல இருந்த தாள்கள் போயிடுச்சுன்னு லாக்கே முன்னுரையில சொல்லிட்டார், அதனால பக்கம் விட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க. லாஸ்லெட்டோட அறிமுகம் நீளம்தான், ஆனா நல்ல சரக்கு. அந்த ஜேம்ஸை பட்டத்துல இருந்து இறக்குன 1688 புரட்சியை நியாயப்படுத்த எழுதுன புக் இல்ல, அதுக்குப் பல வருஷம் முன்னாடியே பெரும்பகுதி எழுதியாச்சுன்னு ஆதாரத்தோட காட்டுறார். புதுசா படிக்கிறவங்க அதைக் கடைசியா வச்சுக்கோங்க, முதல் பாகம் 6ஆம் அத்தியாயத்துல ஆரம்பிங்க, தாய் விஷயம் அங்கதான் வருது.