திருச்சில பல் ஒயிட்னிங் பண்ணிக்கிட்டேன், லைட்டு பத்தியும் எவ்ளோ நாள் நிக்கும்ங்கிறது பத்தியும்

லண்டன்ல இருந்து ஊருக்குப் போற நம்ம ஆளுங்க நிறைய பேர் பல் வேலைய அங்க முடிச்சுட்டு வர்றது வழக்கம்தான், நானும் இந்த தடவை தில்லை நகர்ல ஒரு கிளினிக்ல லைட் வெச்சு ஒயிட்னிங் பண்ணிக்கிட்டேன். லண்டன்ல கேட்ட ஃபீஸ்ல பாதி கூட ஆகல. ஆனா காசு மட்டும் பார்த்து போகாதீங்க, இது கொஞ்சம் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.

முதல்ல கிளீனிங் பண்ணி காரை எல்லாம் எடுத்தாங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் ஒயிட்னிங். டாக்டரம்மா ஒரு ஷேடு கார்டு எடுத்து, சின்னச் சின்ன பல்லா வரிசையா மாட்டி இருக்கும், அதை என் பல்லு பக்கத்துல வெச்சு பார்த்து, ஏ3னு எழுதிக்கிட்டாங்க, ஏ வரிசையில நம்பர் குறைய குறைய வெள்ளை அதிகம். அப்புறம் கன்னத்த இழுத்து புடிக்கிற பிளாஸ்டிக் மாட்டி, ஈறு மேல நீல கலர் பேஸ்ட் தடவி சின்ன லைட்டால இறுக வெச்சாங்க, ஜெல் ஈறுல பட்டா வெந்துடுமாம். இதை அவசரமா பண்ற இடத்துல உக்காராதீங்க. அதுக்கு மேல ஜெல், கண்ணுக்கு ஆரஞ்சு கண்ணாடி, நீல எல்இடி லைட்டு, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜெல்ல தொடச்சு புதுசா தடவுனாங்க. நடுவுல முன்பல்லுல சுருக் சுருக்குனு கரண்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு, மறுநாள் போயிடுச்சு.

லைட்டுதான் வெள்ளையாக்குதுனு நினைச்சுக்கிட்டுதான் எல்லாரும் போறோம். டாக்டரம்மா ஒளிக்காம சொன்னாங்க, "வேலை செய்யறது ஜெல்லுல இருக்கற ஹைட்ரஜன் பெராக்சைடுதான் மேடம், லைட்டு இல்லாம பண்ணாலும் கொஞ்ச நாள்ல ரிசல்ட் கிட்டத்தட்ட இதேதான் வரும்". ஆராய்ச்சிகள் பலதும் அதைத்தான் சொல்லுது. அதனால லைட்டுக்குனு தனியா பெரிய தொகை கேட்டா யோசிங்க, ஜெல் எத்தனை சதவீதம்னு கேளுங்க. அங்க போட்டது 35 சதவீதம், பிரிட்டன்ல சட்டப்படி 6 சதவீதத்துக்கு மேல போட முடியாது, அதையும் டென்டிஸ்ட் மூலமாத்தான் ஆரம்பிக்கணும், 18 வயசுக்கு கீழ கிடையாது.

எழுந்து கண்ணாடி பார்த்தா பளிச்சுனு இருக்கும். அதை நம்பி போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போடாதீங்க. அவ்ளோ நேரம் வாய் திறந்து பல்லு காய்ஞ்சு போறதால கூடுதலா வெள்ளையா தெரியுது, எச்சில் ஊறி ஈரம் ஏறினதும் கொஞ்சம் இறங்கும். உண்மையான ஷேடு ரெண்டு வாரம் கழிச்சுதான் தெரியும், அதனால டிரிப்போட ஆரம்பத்துலயே பண்ணிக்கோங்க, ஃப்ளைட் ஏறுறதுக்கு முந்தின நாள் வேண்டாம். நான் மறுபடி போய் கார்டு வெச்சு பார்த்தப்ப ஏ1 கிட்ட நின்னுச்சு, எனக்கு அதுவே ரொம்ப சந்தோஷம்.

எத்தனை நாள் நிக்கும்? சிலருக்கு ஆறு மாசத்துலயே மங்க ஆரம்பிக்கும், பார்த்து வெச்சுக்கிட்டா வருஷம் ரெண்டு கூட போகும். காபி, டீ, சிகரெட், வெத்தலைபாக்கு இதெல்லாம்தான் சீக்கிரம் மங்க வெக்கும். முதல் ரெண்டு நாள் மஞ்சள், பீட்ரூட், சாம்பார் எதுவும் வேண்டாம்னாங்க, அம்மா வீட்ல இட்லி, வெள்ளை தேங்காச் சட்னி, தயிர்சாதம்னே ஓட்டினேன், ஃபில்டர் காபி இல்லாம இருந்ததுதான் கஷ்டம்.

கூட வந்த அண்ணிக்கு முன்பல்லுல கேப் போட்டிருக்கு. கேப்பும் ஃபில்லிங்கும் கலர் மாறாது, சுத்தி இருக்கற பல்லு மட்டும் வெளுத்து அது தனியா தெரியும்னு அவங்களுக்கு பண்ணாமலே அனுப்பிட்டாங்க, அந்த நேர்மைக்கே அந்த கிளினிக்க எனக்கு புடிச்சுது. தருமபுரி பக்கம் ஃப்ளோரைடு தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க பல்லுல இருக்கற பழுப்புக் கறைக்கும் இது ஒண்ணு மட்டும் பத்தாது.

வரும்போது என் பல்லு அளவுக்கு ட்ரே, அதாவது ஜெல் ஊத்தி பல்லு மேல மாட்டிக்கிற பிளாஸ்டிக் உறை, செஞ்சு வாங்கிட்டு வந்துட்டேன். மங்கினா ராத்திரில போட்டுக்க 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் போதும், அதுல இருந்து வர்ற ஹைட்ரஜன் பெராக்சைடு கணக்குப் பார்த்தா மூணரை சதவீதம்தான், ஜெல்ல இங்க டென்டிஸ்ட்டு கிட்டயே வாங்கிப்பேன்.