காலமைன் லோஷன்: குலுக்காமல் குறை சொல்லாதீர்கள்

வெயில் காலத்தில் பிள்ளைகளுக்கு வேர்க்குரு என்றால் எங்கள் வீட்டில் காலமைன் லோஷன்தான். அரிப்பு சீக்கிரம் அடங்குகிறது, விலையும் கையைக் கடிக்காது. ஆனால் "மேலே வெறும் தண்ணி, கெட்டுப்போன சரக்கு" என்று சிலர் ஒற்றை ஸ்டார் போட்டிருப்பது அநியாயம்.

இது கரைசல் இல்லைங்க, தொங்கல் (suspension), அதாவது கரையாத துகள்கள் திரவத்தில் பரவி நிற்கும் கலவை. இதில் உள்ள துத்தநாக ஆக்சைடு தண்ணீரில் கரையாது (கொஞ்சம் இரும்பு ஆக்சைடு சேர்வதால்தான் அந்த இளஞ்சிவப்பு). உப்புக் கரைசலில் துகள்கள் 1 நானோமீட்டருக்கும் சிறியவை, மூடி வைத்தால் எத்தனை நாளானாலும் அடியில் இறங்காது, வடிதாளிலும் தங்காது. பால் மாதிரியான கூழ்மத்தில் (colloid) துகள்கள் 1 முதல் 1000 நானோமீட்டர் வரை. படியாது, ஆனால் ஒளிக்கற்றையைச் சிதறடித்துக் காட்டிக்கொடுக்கும். அதற்கும் பெரிதானால் தொங்கல், சும்மா வைத்தாலே புவியீர்ப்பு கீழே இழுத்துவிடும். பெண்டோனைட் களிமண் சேர்ப்பது அந்த இறக்கத்தைத் தாமதப்படுத்தத்தான், முழுசாக நிறுத்த முடியாது.

அதனால் படிவதைப் பார்த்து மார்க் போடாதீர்கள், குலுக்கியதும் திரும்பக் கலக்கிறதா என்று பாருங்கள். முன்பு வாங்கிய வேறொரு கம்பெனி பாட்டிலில் அடி மண்டி கல்லாக இறுகி, என்ன குலுக்கியும் அசையவில்லை. மருந்து பாட்டிலிலேயே தங்க, பஞ்சில் வந்தது தண்ணீர்தான். இப்போதைய பாட்டில் நாலு குலுக்கில் ஒரே சீராகிவிடுகிறது, அடியில் திட்டு இல்லை. வாய் மட்டும் ரொம்பக் குறுகல், பஞ்சில் ஊற்றச் சிரமம்.

நான்கு ஸ்டார். உறைய விடாதீர்கள், வெடிப்புப் புண்ணில் தடவாதீர்கள்.