கென்னடி விண்வெளி மையம்: ராக்கெட்டுக்கு முன்னால் கதவைப் பாருங்கள்

ஃபுளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்தில் மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 111 மீட்டர் நீளத்துக்கு அது படுத்துக் கிடக்கிறது, தவறவிடவே முடியாது. 1967இல் ஏவுதளத் தீ விபத்தில் இறந்த மூன்று வீரர்களுக்காக அதே கட்டடத்தில் இருக்கும் அப்பல்லோ 1 நினைவகத்தை மட்டும் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஏவுதளப் பாதுகாப்பு எப்படி உருவானது என்று அறிய வருபவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கட்டடத்துக்குப் போகும் பேருந்துக் கட்டணம் நுழைவுச்சீட்டிலேயே அடக்கம். பிற்பகலில் பேருந்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையில் முதல் வேலையாக இங்கே வந்துவிட்டு, அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தைப் பிறகு பாருங்கள். உள்ளே நுழைந்தவுடன் கூடத்துக்குள் விடமாட்டார்கள். அப்பல்லோ 8 ஏவுதலை அசல் மேசைகளோடு நடத்திக்காட்டும் காட்சி ஒன்று உண்டு. கொஞ்சம் ஆர்ப்பாட்டம்தான், ஆனாலும் நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

நினைவகம் 2017இல் திறக்கப்பட்டது. எரிந்த கலம் இங்கே இல்லை; அது வர்ஜீனியாவில் லாங்லி ஆய்வு மையத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இங்கே வைத்திருப்பது அதன் கதவை. மூன்று அடுக்குகள், உள் அடுக்கு உட்பக்கமாகத் திறக்கும். 1967 ஜனவரி 27 ஒத்திகையின்போது கலத்துக்குள் இருந்தது தூய ஆக்ஸிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடிய அழுத்தத்தில். தீப்பிடித்ததும் அழுத்தம் இன்னும் ஏறி அந்தக் கதவை அப்படியே இறுக்கிவிட்டது. எல்லாம் சரியாக நடந்தாலே திறக்க 90 விநாடியாவது ஆகும். அன்று வெளியிலிருந்தவர்கள் மூன்று அடுக்கையும் எடுக்க ஏறத்தாழ 5 நிமிடம் ஆனது. உள்ளே இருந்த வீரர்கள் கிரிசம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். பிறகு செய்த கதவு ஒரே துண்டு, வெளிப்பக்கம் திறக்கும், சில விநாடி போதும். இரண்டையும் பார்த்தால் எது மாறியது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஏவும் நேரத்தில் கலத்தை நிரப்பும் காற்றும் 60% ஆக்ஸிஜன், 40% நைட்ரஜன் என்று மாறியது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அப்பல்லோ வீரர்கள் கலத்துக்குள் ஏற நடந்துபோன பாலக்கையும் அதன் முனையில் உள்ள வெள்ளை அறையும். அந்த அறை ஏவுதளப் பொறுப்பாளர் குந்தர் வெண்டின் ராஜ்ஜியம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் விமானப் பொறியாளர். 1949இல் அமெரிக்கா வந்து, லாரி மெக்கானிக்காக இருந்து, 1955இல் குடியுரிமை கிடைத்தபின், பின்னாளில் மெர்குரி, ஜெமினி கலங்களைச் செய்த மெக்டானல் நிறுவனத்தில் சேர்ந்தவர். அப்பல்லோவுக்கு முந்தைய அந்த இரண்டு திட்டங்களிலும் வீரர்களின் பட்டைகளையும் குழாய்களையும் கடைசியாகச் சரிபார்த்துக் கதவை மூடியவர். அவர் சம்மதமில்லாமல் ஒரு திருகைக்கூட யாரும் தொட முடியாது. விண்வெளி வீரர் ஜான் கிளென் அவருக்கு ‘ஏவுதள ஃபியூரர்’ (ஜெர்மன் மொழியில் ‘தலைவர்’, ஹிட்லரின் பட்டம்) என்று பட்டப்பெயரே வைத்தார். அப்பல்லோ கலத்தின் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனதால் தீ விபத்தன்று வெண்ட் அங்கே இல்லை. அவர்தான் வேண்டும் என்று அப்பல்லோ 7இன் தளபதி வாலி ஷிரா பிடிவாதமாக நின்று திரும்ப வரவழைத்தார். 1969 ஜூலை 16 அன்று நிலவுக்குக் கிளம்பும் முன் ஆம்ஸ்ட்ராங் இந்த வெள்ளை அறையில்தான் அவருக்கு ஒரு ‘விண்வெளி டாக்ஸி’ சீட்டைக் கொடுத்தார்: எந்த இரண்டு கோள்களுக்கு இடையிலும் செல்லுமாம்!

குறை என்றால் ஒன்றுதான். விண்வெளி வீரர்களுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் சிறு பங்குகூட ஏவுதளத் தொழிலாளர்களுக்கு இல்லை. வெண்டைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போகாவிட்டால் வெள்ளை அறை வெறும் அறையாகத்தான் தெரியும்.

தீ விபத்து நடந்த 34ஆம் ஏவுதளம் விண்வெளிப் படைத் தளத்துக்குள் இருக்கிறது. சாதாரணச் சீட்டில் போக முடியாது. வெண்டும் கிரிசமும் சேர்ந்து வேலை செய்த, கிரிசம் பறந்த மெர்குரி கலமான லிபர்ட்டி பெல் 7ஐயும் இங்கே தேடாதீர்கள். 1961இல் கதவு தானாக வெடித்துத் திறந்து அட்லாண்டிக்கில் மூழ்கிய அந்தக் கலத்தை 1999இல்தான் மேலே தூக்கினார்கள். தூக்கிய கப்பலில் வெண்டும் இருந்தார். கலம் இப்போது கான்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சன் நகரில், காஸ்மோஸ்பியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.