பட்டையா, புள்ளியா? முடி நடுவதில் இரண்டு வழி

வழுக்கையில் நடுவதற்கான முடியை எடுக்க இரண்டு முறை உண்டு. எஃப்.யூ.டி. (FUT) என்ற முறையில் பின்மண்டைத் தோலை நீளப் பட்டையாக வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பார்கள். எஃப்.யூ.இ. (FUE) என்ற முறையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக் கருவியால் முடி வேர்களை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இரண்டுக்கும் மரப்பு ஊசிதான். அது ஏறும்போதுதான் சுருக்கென்று வலிக்கும். அப்புறம் பல மணி நேரம் படுத்தே கிடப்பதில் கழுத்துதான் கடுக்கும்.

பட்டை முறையில் தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். பின்னால் கோடாகத் தழும்பு நிற்கும். முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறவர்களுக்கு அது சரிப்படாது, அவர்களுக்கு எஃப்.யூ.இ.தான் என்பேன். அதில் புள்ளித் தழும்புகள்தான், ஆனால் பெரும்பாலும் தலையை மழித்துவிடுவார்கள். திருச்செந்தூரில் மொட்டை போட்டதாகப் பாளையங்கோட்டையில் சொல்லிச் சமாளிக்கலாம். என்ன, நெற்றியோரத்துப் பொருக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

எதுவானாலும் நட்ட முடி சில வாரங்களில் உதிரும். பதற வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கிறது. 3, 4 மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகலாம்.

குற்றாலச் சீசனை ஒட்டி மட்டும் நாள் குறிக்காதீர்கள். அருவி அறைவது புது வேருக்கு ஆகாது. தாமிரபரணியில் முங்கிக் குளிப்பதும் டாக்டர் சரி என்ற பிறகுதான்.